மூல ஏடும் அதன் படிகளும்

மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் கேரளக் கரை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இரயிலில் திரும்பும் அன்பர்கள், கொல்லத்தைத் தாண்டியதுமே ஊர் வந்துவிட்டதாக எண்ணி மூட்டை முடிச்சுகளைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பரபரப்பில், திருவனந்தபுரத்துக்குச் சற்று வடக்கே உள்ள கழக்கூட்டம் என்னும் நிலையம் பலர் கண்ணில் படுவதில்லை. பல ஆண்டுகள் நம் கண்ணிலும் பட்டதில்லை. திருவிதாங்கூர் வரலாறு படித்தவர்களுக்கு மட்டும் அப்பெயர் பழக்கமானது. மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729 முதல் 1758 வரை ஆண்ட அம்மன்னர் அவர்களுடைய செல்வாக்கை வேரோடு களைந்தார். அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் வெட்டினார் என்று சொல்வார்கள். பின்னர் நெடுங்காலம் அவ்வூர் பேச்சில் அடிபடவில்லை.

இன்று அவ்வூரைப் பற்றி நாம் பேச முற்பட்டதற்குக் காரணம், ஒன்றுக்கொன்று யாதொரு தொடர்பும் இல்லாதவைபோல் தோன்றும் இரண்டு நிலையங்கள் அங்கே அக்கம்பக்கமாக அமைந்திருப்பதே. ஒன்று, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் உள்ள ஓலைச்சுவடி நூலகம். மற்றொன்று, டெக்னோபார்க் எனப்படும் கணிப்பொறித் தொழில் வளாகம். கெல்ட்ரான் நிறுவனத்தை 1973 முதல் கட்டி வளர்த்த கே. பி. பி. நம்பியாரின் எண்ணத்தில் உதித்து, 1990-இல் கேரள அரசு தொடங்கிய திட்டம் அது. பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிருந்த குன்று நிலத்தில் எழுந்தது. 1995 நவம்பரில் அந்நாள் பிரதமர் நரசிம்ம ராவ் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியாவில் இவ்வகை வளாகங்களுக்கு அதுவே முன்னோடி. அங்குள்ள மாளிகைகளுக்குப் பம்பை, பெரியாறு, நிளா, பவானி என்று ஆறுகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பவானி நம் பக்கம் ஓடி வந்து காவிரியில் கலப்பது. நிளாவோ ஆனைமலைப் பக்கத்தில் பிறந்து அவர்கள் பக்கம் ஓடுவது. தண்ணீருக்காக வழக்காடும் இரு மாநிலங்களும் பெயரளவிலேனும் அங்கே ஒரே முற்றத்தில் நிற்கின்றன.

முதலில் ஓலைகளைப் பார்ப்போம். அந்நூலகத்தின் தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருவிதாங்கூர் அரசு பழஞ்சுவடிகளை வெளியிட அமைத்த துறையில் இருக்கிறது. அத்துறையின் பெயரை உலகறியச் செய்தவர் த. கணபதி சாஸ்திரியார், திருநெல்வேலிச் சீமையில் தருவை என்னும் ஊரில் 1860-இல் பிறந்து, பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் சென்று நிலைத்தவர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அவரைத் தம்முள் ஒருவராகவே கொள்ளலாம். 1909-இல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்துக்கு அருகே, மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த சமஸ்கிருத நாடகச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். பாசகவியின் நாடகங்கள் என்று 13 நாடகங்களை 1912 முதல் அச்சேற்றினார். அவை பாசனுடையவைதாமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

சாஸ்திரியார் ஆகட்டும், அதே காலத்தில் இங்கே சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்துத் தொடர்ந்து சங்க நூல்களை வெளிக்கொணர்ந்த உ. வே. சாமிநாதையர் ஆகட்டும், இருவரையும் வாட்டிய தொல்லை ஒன்றே. நூல் ஒன்று, படிகள் பல. ஒரு படியைப் பார்த்து மற்றொருவர் எழுதும்போது ஓர் எழுத்து மாறும். ஓர் அடி விடுபடும். பக்கத்தில் ஒருவர் எழுதி வைத்த குறிப்பு அடுத்த படியில் நூலுக்குள்ளேயே நுழைந்துவிடும். பாடபேதம் என்று நாம் சொல்வது இதனையே. மூல ஏடு அழிந்தபின் எந்தப் படி மெய்யானது என்று சொல்வார் இல்லை. ஒப்புநோக்கி ஒப்புநோக்கி அப்பெரியோர்கள் கண்ணை வருத்திக்கொண்டார்கள்.

பாடபேதம் ஓலையோடு ஒழிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அது பிழை என்று கண்டோம். நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஓய்வு பெற்றோர்க்கான ஒரு விதியின் தமிழாக்கம் நம் கைவழியே அச்சுக்குப் போயிற்று. 30 நாளுக்குள் விண்ணப்பம் தரவேண்டும் என்பது வாசகம். அச்சான பிறகு மூலத்தில் 30 என்பது 15 ஆயிற்று. ஆங்கிலப் படி திருத்தப்பட்டது. இந்திப் படியும் திருத்தப்பட்டது. தமிழ்ப் படியை யாரும் நினைக்கவில்லை. இருபதாம் நாள் ஒரு முதியவர் தமிழ்த் துண்டறிக்கையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அவர் படித்தது பிழையில்லை. நாம் எழுதியதும் பிழையில்லை. எனினும் அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. மைய அரசின் சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் தமிழாக்கத்தையும் உரிய பாடமாகவே கொள்ளவேண்டும் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. துண்டறிக்கைகளுக்கு அந்தப் பேறு இல்லை.

இந்த நினைவோடுதான் நாம் கழக்கூட்டத்துக் குன்றின்மேல் ஏறினோம். நண்பர் ஒருவரின் மகன், பாளையங்கோட்டைப் பிள்ளை, அங்கே ஒரு நிறுவனத்தில் மூத்த பொறியாளர். என்ன வேலை என்று கேட்டோம். சில்லு வடிவமைப்பின் விவரக்குறிப்புகளை இயந்திரம் தானே பெருக்கித் தரும்படி செய்வது என்றார். நமக்கு விளங்கவில்லை. "மாமா, நீங்கள் செய்யும் வேலைதான், ஒரு மூலம், நாலைந்து மொழிபெயர்ப்பு. ஆனால் மொழிபெயர்ப்பை நான் செய்வதில்லை" என்றார். அதன்பின் அவர் விளக்கியதையும் நாம் தேடிப் படித்ததையும் இங்கே கூறுகிறோம்.

ஆங்கிலத்தில் சிப் என்றும் தமிழில் சில்லு என்றும் வழங்கும் அச்சிறு பொருளுக்குள் கோடிக்கணக்கான மின்விசைகள் அடங்கியுள்ளன. அவற்றை ஆட்டுவிக்க, பதிவகங்கள் எனப்படும் சிற்றறைகளை அமைத்திருப்பார்கள். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப்போடும் மாடங்களைப் போன்றவை என்று வைத்துக்கொள்ளலாம். இன்ன எண்ணுள்ள அறையில் மூன்றாம் இடத்தில் 1 என்று எழுதினால் கடிகாரம் ஓடும். 0 என்று எழுதினால் நிற்கும். ஐந்தாம் இடத்தைப் படிக்கலாம், எழுதக் கூடாது. மின்சாரம் வந்தவுடன் இவ்வறையில் இருக்க வேண்டிய மதிப்பு இன்னது. இவ்வாறான கட்டளைகள் ஒரு பெரிய சில்லுக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. இவற்றைத் தொகுத்த ஏடே விவரக்குறிப்பு.

அந்த ஏட்டை நான்கு சாரார் படிக்கிறார்கள். சுற்றை வரைபவர், அதைச் சோதிப்பவர், சில்லை இயக்க நிரல் எழுதுபவர், வாங்குவோர்க்குக் கையேடு எழுதுபவர். நால்வரும் அதைத் தத்தம் மொழியில் பெயர்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் இடம் நான்காம் இடமாக மாற்றப்பட்ட செய்தி மூவருக்கு எட்டி ஒருவருக்கு எட்டாமற் போனால், அந்த முதியவர் கதைதான். பிழை சில்லில் பதிந்து வார்க்கப்பட்டபின் தெரியவந்தால் திருத்தச் சீட்டு ஒட்ட முடியாது. பெரும்பாலும் சில்லையே மீண்டும் வார்க்க வேண்டியதுதான்.

தொடக்க காலத்தில் இத்தொல்லை இவ்வளவு பெரிதாக இல்லை. ஜப்பானியக் கணக்கீட்டுப் பொறி நிறுவனமான பிசிகாமுக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கி 1971 நவம்பரில் வெளியிட்ட 4004 என்ற சில்லில் இருந்தவை ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்களே. பெடரிகோ பேகின் முதலானோர் அதனைக் கையால் வரைந்து, சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி அச்சு எடுத்தார்கள். வரைந்தவர் தலையிலேயே மூல ஏடும் இருந்தது. 1993-இல் வந்த பென்டியத்தில் 31 இலட்சம். 2024-இல் என்விடியா அறிவித்த பிளாக்வெல் என்பதில் 20,800 கோடி. இவ்வளவையும் எந்தத் தலை தாங்கும்?

இடைக்காலத்தில் நடந்த ஒரு மாறுதல் நமக்கு மிக வியப்பாகத் தோன்றியது. 1980-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தான் வாங்கும் மின்னணுச் சில்லுகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஐயமின்றி எழுதி வாங்கவேண்டும் என விரும்பி, விஎச்டிஎல் என்ற விவரண மொழியை உருவாக்கச் செய்தது. 1987-இல் அது ஐஇஇஇ தரமாக ஏற்கப்பட்டது. அதன் முதல் நோக்கங்களில் ஒன்று ஆவணம் எழுதுவதே, மனிதர் படிப்பதற்கு. ஏறத்தாழ அதே காலத்தில், 1984-ஐ ஒட்டி, கேட்வே என்ற நிறுவனத்தில் பில் மூர்பியும் நம் நாட்டவரான பிரபு கோயலும் வெரிலாக் என்ற மற்றொரு மொழியை உண்டாக்கினார்கள். எழுதியதைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாயிற்று. பின் அவ்வெழுத்திலிருந்தே சுற்றை இயந்திரம் வடித்துத் தரும் என்றாயிற்று. பொருளைப் பற்றி எழுதிய ஏடு, பொருளையே ஈனும் ஏடாக மாறியது. இலக்கணம் எழுதினார்கள், அதுவே பேசத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோமே.

ஆயினும் அதற்கும் மேலே உள்ள முதல் ஏடு, அதாவது விவரக்குறிப்பு, பன்னெடுநாள் வெறும் ஆங்கில உரைநடையாகவும் அட்டவணையாகவுமே கிடந்தது. அதிலிருந்து விவரண மொழிக்குப் பெயர்ப்பது மனிதர் கைவேலை. அந்த இடைவெளியில் என்ன நேரலாம் என்பதற்கு 1994-இல் உலகம் ஒரு பாடம் கற்றது. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டு வந்தார். பென்டியம் சில்லில் வகுத்தல் பிசகுவதைக் கண்டார். வகுத்தலுக்கு அச்சில்லு நோக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் நிரப்ப வேண்டிய சில இடங்கள் நிரப்பப்படாமல் இருந்தன. பட்டியலைச் சில்லுக்கு மாற்றும்போது விடுபட்டது என்று அந்நிறுவனம் அன்று விளக்கம் தந்தது. பட்டியலைக் கணித்ததிலேயே பிழை என்று பிற்காலத்தில் சில்லையே பிரித்துப் பார்த்து ஆராய்ந்தவர் கூறுகிறார். படியெடுத்தவர் குற்றமா, மூலத்தின் குற்றமா? சாஸ்திரியாருக்கு இவ்வழக்கு பழக்கமானதாகவே இருந்திருக்கும். அதற்கான செலவு 47.5 கோடி டாலர்.

இதன்பின், மூலத்தை ஒரே ஓர் இடத்தில், இயந்திரம் ஐயமறப் படிக்கும் வடிவில் எழுதி வைத்து, மற்ற படிகள் அனைத்தையும் அதிலிருந்தே விளைவிப்பது என்ற எண்ணம் வலுப்பட்டது. நிறுவனங்கள் தத்தமக்கென்று சிறு நிரல்கள் எழுதிக்கொண்டன. பொதுத் தரங்களும் வந்தன. ஐபி-எக்ஸாக்ட் என்பது 2009-இல் ஐஇஇஇ தரமாயிற்று. பதிவகங்களுக்கென்றே அமைந்த சிஸ்டம்ஆர்டிஎல் மொழியின் இரண்டாம் பதிப்பு 2018-இல் வந்தது. பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தில் அலாஸ்டர் ரீட் என்பாரும் அவர் குழுவினரும் செய்தது இன்னும் துணிவான செயல். ஆயிரக்கணக்கான பக்கமுள்ள கையேட்டில், படித்து விளங்கிக்கொள்வதற்கென்று மட்டும் எழுதப்பட்டிருந்த கட்டளை வரிகளை உண்மையாகவே இயக்கிப் பார்த்தார்கள். பல காலம் பலர் படித்த அவ்வேட்டிலிருந்து பிழைகள் வெளிப்பட்டன. கண்ணுக்குத் தப்பியது ஓட்டத்துக்குத் தப்பவில்லை. திருத்திய ஏட்டை இயந்திரம் படிக்கும் வடிவில் 2017-இல் உலகுக்கு வெளியிட்டார்கள்.

பாளையங்கோட்டைப் பிள்ளையின் வேலை இந்த மரபைச் சேர்ந்தது. அவர் நாள் முழுதும் எழுதுவது மிகக் குறைவு, கேட்பதே மிகுதி. ஒரே நொடியில் நிரலும் எழுதுகிறது, சுற்றும் எழுதுகிறது என்றால் யார் எழுதியது நிற்கும்? ஒதுக்கி வைத்த இடத்தை ஒருவர் படித்தால் என்ன கிடைக்கும்? ஆங்கில உரைநடையில் இவற்றைச் சொல்லாமலே ஒரு பக்கத்தை அழகாக எழுதிவிடலாம். இயந்திரம் படிக்கும் ஏட்டில் கட்டம் வெறுமையாய் நின்று காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவரைத் தேடிப் போய் அதை நிரப்பச் செய்வதே மூத்தவர் வேலை. முன்பு இரண்டு மூன்று இளைஞர் வாரக்கணக்கில் செய்த பெயர்ப்பு வேலை இப்போது ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் முடிகிறது.

அந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டோம். வேறு பணிக்கு மாற்றப்பட்டார்கள் என்றார். பின்னர் சற்றுத் தயங்கி, தாம் அத்தொழிலைக் கற்றதே அப்படிக் கையால் படியெடுத்துத்தான் என்றும், அறை அறையாக எழுதியதால்தான் எந்த இடத்தில் பிழை ஒளியும் என்று தெரிந்தது என்றும் சொன்னார். இப்போது வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. இதை நாம் சிறிய இழப்பாக எண்ணவில்லை. ஏடு பெயர்த்தெழுதியே தமிழ் கற்றவர்களின் வழி வந்தவர்கள் நாம். அதற்காகப் பிழையுள்ள படிகளை நாடு முழுதும் பரப்பிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டால் அதற்கும் விடையில்லை. துண்டறிக்கையோடு நின்ற முதியவர் முகம் முன்னே வருகிறது.

படிகள் ஒன்றுபட்டுவிட்டால் மட்டும் போதுமா? 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 ஏவுகலம், தன் முதற் பயணத்தில் 40 விநாடிக்குள் சிதறியது. வழிகாட்டும் கருவியின் நிரலில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்றபோது இடங்கொள்ளவில்லை. நிரல் பழைய ஏரியன்-4-இலிருந்து மாற்றமின்றிக் கொண்டுவரப்பட்டது. விசாரணைக் குழு கண்டது யாதெனில், அக்கருவியின் விவரக்குறிப்பில் புதிய கலத்தின் பறக்கும் பாதை இடம்பெறவே இல்லை என்பதாம். மூலத்தில் இல்லாததை எந்தப் படியும் சொல்லாது. நால்வர் நான்கு விதமாகப் பெயர்த்தால் முரண்பாட்டிலிருந்தாவது ஐயம் பிறக்கும். ஒரே இயந்திரம் நால்வருக்கும் பெயர்த்துக் கொடுத்தால், மூலப் பிழை நான்கு படியிலும் பிசகாமல் இருக்கும். ஒப்புநோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் சோதிப்பவர் ஒருவரேனும் உரைநடையைத் தனியே படித்துத் தம் போக்கில் சோதனை எழுதவேண்டும் என்று பிள்ளை வற்புறுத்துகிறார். மேலிடத்தில் அதைச் செலவு என்கிறார்களாம்.

ஏவுகலம் என்றதும் கழக்கூட்டத்தாருக்குத் தும்பா நினைவு வரும். சில கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையில் உள்ள ஊர். 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்த இடம். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், நம் ஏவுகலங்களுக்கென்றே விக்ரம் என்ற பெயரில் சில்லுகளை வடிவமைக்கிறார்கள். 16 பிட் கொண்ட விக்ரம் 1601 என்பது 2009 முதல் ஏவுகலங்களில் பணிபுரிந்து வருகிறது. 32 பிட் கொண்ட விக்ரம் 3201, மொகாலியில் உள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தில் வார்க்கப்பட்டு, 2024 டிசம்பரில் பிஎஸ்எல்வி சி-60 பயணத்தில் விண்ணில் சோதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் விண்வெளித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறருடைய கட்டளைத் தொகுதியை இரவல் வாங்காமல் தமக்கெனத் தனித் தொகுதி வகுத்துக்கொண்டார்கள் ஆதலின், அடா மொழிக்கான தொகுப்பியும் போலியாக்கியும் பிற கருவிகளும் தாங்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதில் சில்லும் தொகுப்பியும் போலியாக்கியும் ஒரே பாடத்தைச் சொல்லியாக வேண்டும். மேலே போனபின் பாடபேதம் கண்டுபிடித்துப் பயன் என்ன?

இப்போது வேறொரு புதுமை வந்திருக்கிறது. ஆங்கில உரைநடையையே படித்து, விவரண மொழியில் எழுதித் தரும் கணிப்பொறிகள். 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய பொறி ஒன்றோடு உரையாடி உரையாடியே 8 பிட் சிறு செயலி ஒன்றின் வடிவமைப்பை முடித்து வார்ப்புக்கு அனுப்பினார்கள். உரைநடையைக் கைவிட்டு ஐயமற்ற ஏட்டுக்கு மாற முப்பது ஆண்டு பாடுபட்ட தொழில், மீண்டும் உரைநடைக்கே திரும்புகிறதோ என்று கேட்டோம். பிள்ளை சிரித்தார். அவை தரும் எழுத்தைத் தாமும் பயன்படுத்துவதாகவும், ஆனால் மூல ஏட்டுக்குள் மனிதர் ஒருவர் வரிவரியாகப் படிக்காத எதையும் விடுவதில்லை என்றும் கூறினார். மொழிபெயர்க்கும் பொறி நம் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. அது தரும் தமிழை நாம் திருத்துகிறோம், வேகம் கூடியிருக்கிறது, திருத்தியவர் பெயர் எங்கும் இடம்பெறுவதில்லை.

விடைபெறும் முன் பிள்ளை இயந்திரம் விளைவித்த ஓர் ஏட்டைத் திரையில் காட்டினார். முதல் வரியில், இது தானாக உருவானது, இதனைக் கையால் திருத்தாதீர்கள் என்ற பொருள்பட எழுதியிருந்தது. பக்கத்து வளாகத்தில் இருப்பவைபோன்ற பழஞ்சுவடிகள் பலவற்றில், எழுதியவர் தம் பெயரைச் சொல்லிப் பிழை பொறுக்குமாறு இறுதியில் வேண்டிக்கொள்வது வழக்கம். இதில் பிழை இருந்தால் யாரிடம் சொல்வது என்று கேட்டோம். அவர் மூல ஏட்டைத் திறந்தார். ஒவ்வொரு பதிவகத்தின் பக்கத்திலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்தன. இரண்டு இடங்களில் பெயர் விடுபட்டிருந்தது. அவற்றைக் குறித்துக்கொண்டு, நாளை கேட்கவேண்டும் என்றார்.